'ரன்' என்ற சொல்லுக்கு 645 அர்த்தமாமே, அதை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: "ரன் என்றால் ஓடு என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஆனால் ஆங்கிலத்தில் எதை எடுத்தாலும் இந்தச் சொல் வேறு ஏதோ அர்த்தத்தில் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இதற்கு 645 அர்த்தம் இருக்கிறதாம். உண்மையா? உண்மை என்றால் ஒரு ஆள் எப்படி இத்தனையையும் படிக்க முடியும்?"

உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் வந்தபோது, அதில் மிக நீளமாக இருந்தது 'செட்' என்ற வினைச்சொல்லுக்கான விளக்கம். சுமார் 430 அர்த்தங்கள். அவற்றைச் சொல்லி முடிக்க 60,000 சொற்கள். அதாவது ஒரு சொல்லுக்கு ஒரு நாவல் அளவு விளக்கம். அப்புறம் மூன்றாம் பதிப்புக்காக 'எம்' எழுத்திலிருந்து திருத்தத் தொடங்கினார்கள். 2000-ல் 'மேக்' முந்தியது. 2007-ல் 'புட்' அதை முந்தியது. 2011-ல் 'ரன்' வந்து எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது. வினைச்சொல்லாக மட்டும் 645. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரே சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்து வேலை செய்தார். ஒரு குழந்தை பிறக்கும் காலம்.

ஆனால் அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது வரலாற்று அகராதி. ஆயிரம் வருடத்தில் யாராவது ஒரு முறை புழங்கிய அர்த்தமும், இன்று செத்துப்போன அர்த்தமும் அந்தக் கணக்கில் சேரும். அன்றாட ஆங்கிலத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூட வேண்டாம். அந்த ஒரு பங்கிலும் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஏனென்றால் தமிழில் 'ஓடு' என்ற சொல்லை வைத்து நாம் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துச் சாப்பிடுகிறவன். மாலையில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வகுப்பில் அகராதியைத் திறக்கச் சொல்லாமல், 'ஓடு' என்ற சொல்லைக் கால் இல்லாத பொருளுக்கு எங்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று மட்டும் கேட்பேன். பலகை நிறைந்துவிடும். ஆறு ஓடுகிறது. ரத்தம் ஓடுகிறது. ஃபேன் ஓடுகிறது. பந்த் அன்றைக்கு பஸ் ஓடாது. படம் நூறு நாள் ஓடியது. காலம் ஓடிப்போனது. சுவரில் விரிசல் ஓடுகிறது. செடி வேர் ஓடியிருக்கிறது. மனசுக்குள் ஏதோ ஓடுகிறது. பழைய பைக் வாங்கப் போனால் "எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்கிறோம். பிள்ளைக்கு அடிபட்டது என்று போன் வந்தால் கை ஓடாது, கால் ஓடாது. கணக்கைச் சரிபார்க்கும்போது கண்ணை ஒரு முறை ஓட்டுகிறோம். பழைய வேலை போய்ப் புது வேலை கிடைக்கும் வரை குடும்பத்தை எப்படியோ ஓட்டுகிறோம்.

இதில் பெரும்பாலானவற்றை ஆங்கிலத்தில் சொல்ல 'ரன்' போதும். ஆறு, ரத்தம், இயந்திரம், பஸ், படம், விரிசல், மனசில் ஓடும் எண்ணம், பக்கத்தின் மேல் ஓட்டும் கண் என்று எல்லாவற்றுக்கும் அப்படியே பொருந்தும். இரண்டு மொழியும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கவில்லை. ஒரு பாதையில் விடாமல் நகர்வதைப் பார்த்தால் மனித மனம் கால்களை நினைக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு எங்கே இடிக்கிறது? ஒரே ஒரு இடத்தில் என்பேன், அதுதான் இந்தச் சொல்லின் சாவி. தமிழில் 'ஓடு', 'ஓட்டு' என்று இரண்டு இருக்கிறது. தானாக நடந்தால் ஓடு, இன்னொருவர் செய்ய வைத்தால் ஓட்டு. ஆடு, ஆட்டு. உருள், உருட்டு. திருந்து, திருத்து. நமக்கு இது மூச்சு விடுவது மாதிரி. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே 'ரன்'. 'தி மோட்டார் இஸ் ரன்னிங்' என்றால் மோட்டார் ஓடுகிறது. 'ஹி இஸ் ரன்னிங் தி மோட்டார்' என்றால் மோட்டாரை ஓட்டுகிறார். சொல்லின் வடிவத்தில் எந்த அடையாளமும் கிடையாது. பின்னால் ஒரு பொருள் வருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ஓடு, ஓட்டு என்று இரண்டு சொற்கள் இருந்தன என்பது. பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' என்றால் ஓடு, பாய். 'ஏர்னன்' என்பது அதன் ஓட்டு வடிவம்; குதிரையை ஓட்டிப் போவதற்குச் சொல்வார்கள். நூற்றாண்டுகள் போகப் போக இரண்டும் உருத் தேய்ந்து, ஒன்றோடு ஒன்று கலந்து, ஒரே சொல்லாகிவிட்டன. பக்கத்து மொழியான ஜெர்மனில் அந்த ஜோடி இன்னும் பிரிந்தே நிற்கிறது. 'ரின்னென்' என்றால் தண்ணீர் கசிந்து ஓடுவது. 'ரென்னென்' முதலில் ஓட வைப்பதாக இருந்து, இன்று மனிதன் ஓடுவதற்கு ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் மிச்சம் இருக்கும் ஜோடிகளையும் கவனியுங்கள். 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. 'ஃபால்' விழு, 'ஃபெல்' வீழ்த்து. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு அதைத்தான் சொல்கிறார்கள். 1989-ல் முதலிடத்தில் இருந்த 'செட்' ஒரு 'வை' வினை. 2011-ல் அந்த இடத்துக்கு வந்த 'ரன்' தனக்குள் ஒரு 'ஓட்டு' வினையை விழுங்கிய சொல். ஒரு வினை தானாக நடப்பதையும் நடத்தி வைப்பதையும் ஒன்றாகத் தாங்கினால், அது போகும் வீடுகள் இரண்டு மடங்காகிவிடும்.

இதற்கு நம் மொழிக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து குடியிருந்தது. அந்த வீட்டு அம்மா ஒரு நாள் என் அப்பாவிடம், "உங்கட பெரிய மகன் கார் ஓடுவாரோ?" என்று கேட்டார். எனக்குக் குழப்பம். கார் ஓடும், அண்ணன் எப்படிக் காரை ஓடுவான்? பிறகுதான் புரிந்தது, இலங்கைத் தமிழில் கார் ஓடுவது, சைக்கிள் ஓடுவது, பஸ் ஓடுவது என்றால் ஓட்டுவதுதான். வாகனத்தைப் பொறுத்தவரை அங்கே 'ஓடு' இரண்டு வேலையையும் செய்கிறது, ஆங்கில 'ரன்' செய்வது போலவே. அந்த அம்மாவுக்கு ஒரு நொடி கூடக் குழப்பம் இருந்திருக்காது. இங்கிலாந்துக்காரருக்கு 'ரன்' விஷயத்தில் எப்படிக் குழப்பம் வருவதில்லையோ, அப்படி.

சரி, சாவி கையில் இருக்கிறது. இனி அறைகளைத் திறக்கலாம்.

முதல் அறை தண்ணீர். 'ரன்' பிறந்ததிலிருந்தே அதற்குள் ஈரம் உண்டு. ஆனால் தமிழில் தண்ணீருக்கு இன்னும் நுணுக்கமான சொற்கள் இருப்பதால், இங்கே 'ஓடு' என்று போட்டால் பல இடங்களில் கெட்டுப்போகும். 'மை நோஸ் இஸ் ரன்னிங்' என்றால் மூக்கு ஒழுகுகிறது. குழாய் 'ரன்' ஆனால் திறந்து கிடக்கிறது. 'ரன் எ பாத்' என்றால் தொட்டியில் குளிக்கத் தண்ணீர் பிடிப்பது. கண் மை 'ரன்' ஆனால் கலைந்து வழிகிறது. 'ரன்னி' என்று ஒரு பெயரடை இருக்கிறது. சாம்பார் கெட்டியாக இல்லாமல் நீர்த்துப் போயிருந்தால் அதுதான். ஆங்கிலேயர் வயிற்றுப்போக்கைப் பேச்சுவழக்கில் 'தி ரன்ஸ்' என்பார்கள். இலங்கைத் தமிழர் அதையே வயிற்றோட்டம் என்கிறார்கள்.

துணிக்கடையில் வாங்கிய ஒரு புடவையோடு வந்த சிறு காகிதத்தை என் மனைவி ஒரு நாள் கொண்டுவந்து காட்டினாள். அதில் தமிழில், "முதல் சலவையில் வண்ணங்கள் ஓடக்கூடும்" என்று அச்சடித்திருந்தது. ஆங்கிலத்தில் 'கலர்ஸ் மே ரன்' என்று இருந்திருக்கும். அவள் அதைப் புரிந்துகொள்ளாமல் மற்றத் துணிகளோடு நனைத்துவிட்டாள். வெள்ளை வேட்டி இரண்டு ரோஸ் நிறமாகிவிட்டது. "சாயம் போகும், தனியாகத் துவைக்கவும்" என்று எழுதியிருந்தால் எந்த வீட்டிலும் புரிந்திருக்கும். 'சாயம் போகும்' என்பது நம் பாட்டிமார் சொன்ன சொல். அது இருக்கும்போது வண்ணங்களை ஓடவிட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இரண்டாவது அறை இயந்திரம். இங்கே வந்துதான் 'ரன்' பெருத்தது. ஆலைச் சக்கரம், நீராவி எந்திரம், ரயில், மின்சாரம் என்று ஒவ்வொன்றும் வர வர, புதிய சொல் உண்டாக்காமல் இந்தச் சொல்லையே அவற்றுக்குக் கொடுத்தார்கள். நாமும் அதையே செய்தோம். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் விட்டார்கள். அன்று முதல் தமிழில் ரயில் 'ஓடுகிறது'. தடம் மாறியது கணினியில்தான். ஆங்கிலத்தில் 'ரன் எ புரோகிராம்' என்பதற்கு நாம் ஓட்டு என்று சொல்லாமல் எழுத்தில் 'இயக்கு' என்றும் பேச்சில் 'ரன் பண்ணு' என்றும் வைத்துக்கொண்டோம். விண்டோஸ் கணினியில் புரோகிராமின் பெயரை எழுதி அதைத் தொடங்கும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு; அதைத் திறக்க விண்டோஸ் விசையோடு சேர்த்து அழுத்தும் எழுத்து 'ஆர்', 'ரன்' என்பதன் முதல் எழுத்து. பெட்ரோலில் ஓடும் வண்டிக்கும் பேட்டரியில் ஓடும் வண்டிக்கும் 'ரன்ஸ் ஆன்' போடுவார்கள். காலையில் காபி இல்லாமல் நகர முடியாதவரும் 'ஐ ரன் ஆன் காபி' என்பார்.

மூன்றாவது அறைக்கு வந்தால் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரசாங்கம் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் 'ரன்'. தமிழில் நடத்து. ஒரே கடையை அவர்கள் ஓட்டுகிறார்கள், நாம் நடத்துகிறோம். கூட்டம் நடக்கிறது, கல்யாணம் நடந்தது, பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறது. நம் மொழியில் உலகம் நடந்து போகிறது, ஆங்கிலத்தில் ஓடுகிறது. தமிழிலும் கடையை 'ஓட்டுகிறேன்' என்று ஒருவர் சொன்னால் அர்த்தம் மாறிவிடும், பாருங்கள். "ஏதோ ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்றால் வியாபாரம் சரியில்லை, இழுத்துக்கொண்டு போகிறார் என்று அர்த்தம். அதனால் 'ஹி ரன்ஸ் எ ஸ்கூல்' என்பதை 'பள்ளிக்கூடம் ஓட்டுகிறார்' என்று மொழிபெயர்த்தால் அந்த மனிதரைக் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

தேர்தல் இன்னும் சுவையானது. அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலுக்கு 'ரன்' செய்கிறார். பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' செய்கிறார். தமிழில் தேர்தலில் நிற்கிறார். அமெரிக்கச் செய்தியை மொழிபெயர்க்கும்போது 'அதிபர் பதவிக்கு ஓடுகிறார்' என்று எழுதிய ஒரு வாக்கியத்தை நான் திருத்தியிருக்கிறேன். நம்மூரில் ஒருவர் தேர்தலில் 'ஓடுகிறார்' என்றால் தோற்று ஓடுகிறார் என்றே படிப்பவர் நினைப்பார்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை ஒரு செய்தியை 'ரன்' செய்தால் வெளியிடுகிறது. கள்ளச்சரக்கை 'ரன்' செய்தால் கடத்துகிறார்கள். சிவப்பு விளக்கை 'ரன்' செய்தால் சிக்னலில் நிற்காமல் போய்விட்டார். காய்ச்சலை 'ரன்' செய்தால் உடம்பு காய்கிறது. உங்களை ஸ்டேஷனுக்கு 'ரன்' செய்கிறேன் என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். பின்னால் ஓடச் சொல்லவில்லை. 'ஐ ஆம் ரன்னிங் லேட்' என்றால் தாமதமாகிவிட்டது. இதைச் சொல்லிவிட்டு அவர் நிதானமாக நடந்துகூட வரலாம். ஒரு சுபாவமோ வியாதியோ 'ரன்ஸ் இன் தி ஃபேமிலி' என்றால் வழிவழியாக வருகிறது. எங்கள் பக்கத்தில் "அது அவங்க ரத்தத்துல ஓடுது" என்பார்கள். அங்கே மறுபடியும் இரண்டு மொழியும் சந்தித்துக்கொள்கின்றன.

அடுத்தது, வாலில் ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு வரும் 'ரன்'. அவுட், இன்டு, ஓவர், டவுன், அப் போன்றவை. அந்த 645-ல் கணிசமான இடத்தை இவைதான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்க்கலாம்: 'ரன் அவுட்'.

நம்மூர்ப் பையனுக்கு ரன் அவுட் என்றால் ஒன்றுதான் தெரியும். மட்டையாளர் ஓடி முடிப்பதற்குள் குச்சி பறந்தது. அங்கே 'அவுட்' என்பது ஆட்டமிழந்த நிலை. 'ரன்' அதற்குக் காரணம். ஆனால் அடுப்படியில் நின்று ஓர் ஆங்கிலேயப் பெண் 'வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் கேஸ்' என்று சொன்னால் கேஸ் தீர்ந்துவிட்டது. இங்கே 'அவுட்' என்பது முழுதும் வெளியேறிவிட்டது என்று பொருள் தருகிறது. மணல் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் குடுவையிலிருந்து மணல் ஓடி, கடைசித் துகளும் வெளியே போய்விட்டது. நேரம், பணம், பொறுமை, பால், அதிர்ஷ்டம் எல்லாம் இப்படித்தான் 'ரன் அவுட்' ஆகின்றன. வாடகை ஒப்பந்தமும் ஆகும். இதில் நாம் கவனிக்க வேண்டியது எழுவாய். தமிழில் கேஸ்தான் தீர்கிறது; நாம் சும்மா நிற்கிறோம். ஆங்கிலத்தில் பாலுக்கும் நேரத்துக்கும் அப்படிச் சொல்லலாம், ஆனால் பெரும்பாலும் 'நாம்' எழுவாயாகி, கேஸ் 'ஆஃப்' என்பதற்குப் பின்னால் போய்விடுகிறது. என் வகுப்பில் பாதிப் பேர் 'கேஸ் இஸ் ஃபினிஷ்ட்' என்றே சொல்வார்கள். புரியும், தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் 'வி ஆர் அவுட் ஆஃப் கேஸ்', 'வி ஹாவ் ரன் அவுட்' என்று வாய் பழகிவிட்டால் பேச்சு சட்டென்று இயல்பாகிவிடும்.

'ரன் ஓவர்' நான்கு திசையில் போகும். பால் பொங்கி வழிந்தாலும் அதுதான். வண்டி ஒருவர் மேல் ஏறினாலும் அதுதான். கூட்டம் சொன்ன நேரத்தைத் தாண்டினாலும், குறிப்புகளை ஒரு முறை புரட்டிப் பார்த்தாலும் அதுதான். 'ரன் டவுன்' பேட்டரிக்கு வந்தால் தீர்ந்தது, மனிதருக்கு வந்தால் ஓய்ந்துபோனார், கட்டடத்துக்கு வந்தால் பாழடைந்தது. ஒருவரைப் பற்றிப் பேசும்போது வந்தால் மட்டம் தட்டுகிறார்கள். 'ரன் இன்டு' என்றால் மோதுவது, எதிர்பாராமல் சந்திப்பது, இரண்டும். பில் 'ரன்ஸ் இன்டு' ஆயிரங்கள் என்றால் ஆயிரக்கணக்கில் போகிறது. 'ரன் அப்' கடனுக்கு வந்தால் ஏற்றிக்கொள்வது. பந்துவீச்சாளருக்கு வந்தால் வீசுவதற்கு முன் ஓடிவரும் தூரம். தேர்தலுக்கு வந்தால் அதற்கு முந்தைய வாரங்கள். அலுவலகத்தில் மேலாளர் 'ரன் இட் பை மீ' என்றால், அனுப்பும் முன் என்னிடம் ஒரு வார்த்தை காட்டிவிடு என்று அர்த்தம். கடைசியாகச் சொன்னதைப் பலர் ஓட்டிக் காட்டச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவருக்கு வாரம் ஒரு முறையாவது காதில் விழும்.

பெயர்ச்சொல்லாக வரும் 'ரன்' தனி உலகம். தமிழ்க் குழந்தைக்கு 'ரன்' முதலில் அறிமுகமாவதே பெயர்ச்சொல்லாகத்தான். எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படிக்கும் முன்பே "எத்தனை ரன்?" என்று கேட்கத் தெரிந்துவிடுகிறது. ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து 22 கஜம் தள்ளி இருக்கும் மறுமுனைக்கு ஓடியதால் அது ரன். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதற்கு 'நாட்ச்' என்று பெயர். கணக்கு வைப்பவர் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டு வெட்டாகக் கோடு போட்டுக்கொண்டே போவார். பிறகு கோடு போய் ஓட்டம் நிலைத்தது. இன்று பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் யாரும் ஓட வேண்டியதில்லை, ஆனாலும் நாலு 'ரன்'. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் 'ரன்கள்' என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'ஓட்டங்கள்' என்று இருக்கும். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. படிக்கும்போது யாரோ உண்மையிலேயே ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது.

வங்கிக்கும் ஒரு 'ரன்' உண்டு. வங்கி விழப்போகிறது என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் போவது. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் தெரு நீளத்துக்கு வரிசை நின்றது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். மறுநாள் வங்கியை மூடிவிட்டார்கள். அந்த இரண்டாவது 'ரன்'னில் வரிசை பெரிதாக இல்லை. பணத்தை மாற்றச் சொன்ன ஆணைகள் பெரும்பாலும் கணினியிலும் போனிலுமே பறந்தன. ஆள் ஓடாவிட்டாலும் சொல் மாறவில்லை. தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் நிலைக்கவில்லை. 'பணத்தை எடுக்க மக்கள் முண்டியடித்தனர்' என்று விரித்து எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

'ரன் ஆஃப் தி மில்' என்றொரு தொடர் இருக்கிறது. ஆலையிலிருந்து வந்த சரக்கு, தரம் பிரிப்பதற்கு முன், நல்லதும் சுமாரும் கலந்து அப்படியே. அதிலிருந்து, சிறப்பாக ஒன்றும் இல்லாத, சாதாரணமான எதற்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. மற்றபடி கோழிக்கு 'ரன்' என்றால் வலை போட்ட அடைப்பு. புத்தகத்துக்கு 'பிரின்ட் ரன்' என்றால் ஒரு தடவையில் அச்சடிக்கும் பிரதிகள். 'டிரை ரன்' என்றால் ஒத்திகை. அமெரிக்காவில் பெண்களின் மெல்லிய காலுறையில் நூல் விட்டுக் கிழிந்தால் அதுவும் 'ரன்'. பிரிட்டனில் அதை 'லேடர்' என்பார்கள், அதாவது ஏணி.

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். எப்படிப் படிப்பது? அர்த்தங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். இந்தச் சொல்லைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஓடுவது யார்? யாரோ எதையோ ஓட்டுகிறார்களா? விடை ஆறு, மூக்கு, சாயம் என்றால் தண்ணீர் அறை. மோட்டார், ரயில், புரோகிராம் என்றால் இயந்திர அறை. ஆள் ஓட்டுகிறார், ஓட்டப்படுவது கடையோ கட்சியோ என்றால் நடத்துவது. வாலில் அவுட், டவுன் ஏதாவது இருந்தால் அந்த வால்தான் பாதி அர்த்தம். பிறகு அந்த இடத்துக்குத் தமிழில் நாம் இயல்பாக என்ன சொல்வோம் என்று யோசியுங்கள். ஒழுகுமா, வழியுமா, போகுமா, தீருமா, நடக்குமா, நிற்குமா? அந்தத் தமிழ்ச் சொல்லோடு சேர்த்து ஆங்கில வாக்கியம் முழுவதையும் நோட்டில் எழுதிவைத்தால் மறக்காது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இந்தியாவில் நாம் 'ரன்னிங்' என்ற சொல்லுக்கு நாமாகவே சில அர்த்தங்கள் கொடுத்துவைத்திருக்கிறோம். கூட்டெழுத்தாகச் சேர்த்து எழுதுவது நமக்கு 'ரன்னிங் லெட்டர்'. "வயசு 42 முடிஞ்சு 43 ரன்னிங்" என்கிறோம். ரயில்வேயில் வண்டி ஓட்டும் ஊழியர்கள் வெளியூரில் படுத்துத் தூங்கும் விடுதி 'ரன்னிங் ரூம்'. இவற்றில் ஒன்றும் தப்பில்லை, நம் ஊரில் நன்றாகவே வேலை செய்கின்றன. வெளிநாட்டாரிடம் பேசும்போது மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டும்.

என் வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். தையல் கடை வைத்திருக்கிறார். லண்டனில் இருக்கும் மகள் மூலமாக அங்கிருந்து பிளவுஸ் தைக்க ஆர்டர் வருகிறது. மகளின் சிநேகிதிகளில் தமிழ் தெரியாதவர்களும் உண்டு. தன்னைப் பற்றி ஒரு பத்தி எழுதிக்கொண்டு வந்தார். முதல் வரி 'ஐ ஆம் ரன்னிங் எ டெய்லரிங் ஷாப் சின்ஸ் 12 இயர்ஸ்'. இப்படித்தான் நம்மில் பெரும்பாலானவர்கள் எழுதுவோம். 'ஐ ஆம் ரன்னிங்' என்றால் இப்போதைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற சாயல் வந்துவிடும், பன்னிரண்டு வருடக் கடைக்கு அது பொருந்தாது என்று சொன்னேன். 'ஐ ஹாவ் ரன் எ டெய்லரிங் ஷாப் ஃபார் 12 இயர்ஸ்' என்று மாற்றினோம். "ரேன் இல்லையா சார்?" என்று கேட்டார். 'ஹாவ்' வந்துவிட்டால் மறுபடியும் 'ரன்'தான்.

அடுத்த வாரம் வந்து, "சார், சேலையோட சேர்ந்தே வர்ற துணியை ரன்னிங் பிளவுஸ்னுதானே சொல்றோம், அது அந்தப் பொண்ணுங்களுக்குப் புரியுமா?" என்று கேட்டார். புரியாது என்றேன். அவர்களுக்கு அது ஓடுகிற பிளவுஸ். 'தி பிளவுஸ் பீஸ் கம்ஸ் அட்டாச்ட் டு தி சாரி' என்று எழுதிக்கொடுத்தேன். நோட்டில் குறித்துக்கொண்டு, அதற்குக் கீழே தமிழில் "சேலையிலேயே இருக்கு, வெட்டித் தைக்கணும்" என்று தானாகவே எழுதிக்கொண்டார்.